மார்க்கெசாஸ் தீவுகளில் படகை விட்டுக் கரையேறுவது எப்படி?

கலாபகஸிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் மாதத்தில் மார்க்கெசாஸ் தீவுகளை அடையவிருக்கும் நீங்கள் இருவரும் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே கரையேறிப் பார்க்கத்தக்கவை எவை, நங்கூரத்தில் நிற்கும் படகை ஆளில்லாமல் விட்டுவிட்டு நாள் முழுவதும் மலையேறலாமா, ஓரிரவாவது கரையில் தங்க முடியுமா என்பவை அவை. முதல் கேள்விக்கு எந்தப் பயணக் கையேடும் விடை சொல்லிவிடும். ஆனால் கையேடுகள் விமானத்தில் வந்து விடுதியில் தங்குபவருக்காக எழுதப்படுபவை. படகில் வாழ்பவருக்கு வீடும் வாகனமும் ஒன்றே; அதுவும் பூட்டிவிட்டு மறந்துபோகக்கூடிய வீடு அல்ல. அத்தீவுகளில் இரண்டு பருவங்களில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நங்கூரமிட்டு வாழ்ந்தவன் என்ற முறையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கரையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை உங்கள் கால்கள் முடிவு செய்வதில்லை, படகு எந்த விரிகுடாவில், எந்த அலைக்கு முகங்கொடுத்து நிற்கிறது என்பதே முடிவு செய்கிறது. ஆகவே இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

தாஹிட்டியிலிருந்து வடகிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்தத் தீவுகள் எரிமலைப் பாறையால் ஆனவை. பசிபிக் தீவு என்றதும் நாம் மனத்தில் வரைந்துகொள்ளும் பவளத்திட்டு வேலியும் அதற்குள் அமைதியான காயலும் இங்கே அநேகமாகக் கிடையாது. திறந்த கடலின் அலை நேராக விரிகுடாவுக்குள் வந்து கரையில் மோதும். காற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அது கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ சீராக வீசும். கவலைப்பட வேண்டியது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல் கிளப்பிவிட்டு, இங்கே காற்றே இல்லாத நாளிலும் உருண்டு வரும் நெடிய அலையைப் பற்றித்தான். கன்னியாகுமரிக் கரையில் 'கள்ளக்கடல்' என்று எச்சரிக்கிறார்களே, அதே வகைதான் இது. நீங்கள் சேரும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தென்னரைக்கோளத்தின் குளிர்காலப் புயல்கள் தெற்கிலிருந்து இதை அனுப்பும். நவம்பருக்குப் பிறகு வடபசிபிக்கின் முறை. எனவே தெற்கு நோக்கித் திறந்திருக்கும் தையோஹாயே விரிகுடா நீங்கள் இருக்கும் மாதங்களில் தொட்டில் போல ஆடும். அதே நுக்கு ஹிவா தீவின் வடகரையில் உள்ள அனாஹோ குளம் போலக் கிடக்கும். எங்கே நடக்கலாம் என்று வரைபடத்தில் பார்ப்பதற்கு முன் எந்தக் கரை எந்தத் திசைக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

படகை ஆளில்லாமல் விடலாமா என்றால், பகலில் விடலாம், எல்லோரும் விடுகிறார்கள். ஆனால் நங்கூரம் போட்ட அன்றே விடக்கூடாது. நான் கடைப்பிடித்த வழக்கம், முதல் நாள் இறங்காமல் படகிலேயே இருந்து, நங்கூரத்தை எஞ்சினால் பின்னுக்கு இழுத்துப் பதியவைத்து, நீரில் மூழ்கி அது மணலில் புதைந்திருக்கிறதா, பாறை இடுக்கில் வெறுமனே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. நீரின் ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு சங்கிலி வெளியே இருக்க வேண்டும். பின்னர் ஓர் இரவு கழிய வேண்டும். ஏனெனில் பகலில் கடலிலிருந்து வரும் காற்று, இரவில் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கும் மலைக்காற்று இரண்டிலும் படகு எப்படிச் சுழல்கிறது, அண்டைப் படகுகளிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மறுநாள் காலை புறப்படும்போது பக்கத்துப் படகுக்காரரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டு, பகலாக இருந்தாலும் நங்கூர விளக்கை ஏற்றிவைத்துவிட்டுச் செல்லுங்கள். தீவுகள் நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகை தெற்கேதான் உள்ளன. அந்தி என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. ஆறு மணி வாக்கில் சூரியன் விழுந்தால் அரைமணிக்குள் கும்மிருட்டு. விளக்கில்லாத உங்கள் படகை நீங்களே தேடி, கரைக்குப் போய்வரும் சிறுபடகான டிங்கியில் சுற்றிவரும் நிலை நகைப்புக்குரியது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

அடுத்தது டிங்கியில் கரை இறங்குவது. என்னைக் கேட்டால் பயணம் முழுவதிலும் அடிபட அதிக வாய்ப்புள்ள ஐந்து நிமிடங்கள் இவைதான். மூவாயிரம் கடல்மைல் கடந்து ஒரு கீறலும் இல்லாமல் வந்தவர்கள் கரைக்கு இருபது மீட்டர் முன்னால் கவிழ்ந்து அவுட்போர்டு எஞ்சினைக் கடலில் குளிப்பாட்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தக் காட்சியை ஊராருக்கு வழங்கியவனும் நானே. அலைகள் கொத்துக் கொத்தாக வரும். உடையும் இடத்துக்கு வெளியே நின்று, பொறுமையாக ஒரு முழுக் கொத்து கடந்துபோகும் வரை பாருங்கள். பெரிய அலைகள் போன பின் வரும் தணிவில், ஒரு சிற்றலையின் முதுகில் ஏறாமல் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டே உள்ளே வாருங்கள். நீர் இடுப்பளவு குறைந்ததும் எஞ்சினை நிறுத்தி மேலே தூக்கிவிட்டு, இரு பக்கமும் இறங்கி, அணியத்தை, அதாவது டிங்கியின் முன்பகுதியை, பிடித்து ஓட்டமாக மேலே இழுக்க வேண்டும். டிங்கிக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் எவரும் நிற்கக்கூடாது. குறுக்காகத் திரும்பிய டிங்கியை அடுத்த அலை தூக்கி எறிந்தால் முழங்கால் முறியும். திரும்பும்போது அணியம் கடலைப் பார்த்திருக்க வேண்டும். துடுப்புகள் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஓத ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். காலையில் ஈரமணலில் விட்டுப்போன டிங்கி மாலையில் எங்கே மிதக்கும் என்று சொல்ல முடியாது. அலைக்கோட்டுக்கு மேலே இழுத்து ஒரு மரத்தில் கட்டிவிடுங்கள். கான்கிரீட் படித்துறையில் கட்டுவதானால் பின்புறத்திலிருந்து ஒரு சிறு நங்கூரத்தை எறிந்து டிங்கியைத் துறைச்சுவரிலிருந்து விலக்கி நிறுத்துங்கள். இல்லையென்றால் இறங்கும் நீரில் அது துறைக்கு அடியில் நுழைந்து, ஏறும் நீரில் நசுங்கும்.

சட்டமுறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெஞ்சு பொலினீசியா ஷெங்கன் பகுதிக்குள் வராது. இந்தியக் கடவுச்சீட்டில் பயணிப்பவர்கள் விசா ஏற்பாட்டைப் புறப்படுவதற்கு நெடுநாள் முன்பே பிரெஞ்சுத் தூதரகத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். வந்ததும் ஹிவா ஓவாவின் ஆத்துவோனாவிலோ நுக்கு ஹிவாவின் தையோஹாயேயிலோ காவல் நிலையத்தில் பதிவு செய்த பிறகே வேறெங்கும் இறங்கலாம். கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு ஃபத்து ஹிவா காற்றுமுகத்தில் முதலில் தென்படும் அழகிய தீவு. அங்கே நிறுத்த ஆசை எழும். அது நுழைவுத்துறை அல்ல. பதிவு செய்துவிட்டுக் காற்றுக்கு எதிராக 40 கடல்மைலுக்கும் சற்று அதிகமாகத் திரும்பிச் செல்வது எரிச்சலூட்டும் வேலைதான், என்றாலும் வேறு வழியில்லை. கடிகாரத்தையும் மாற்றுங்கள்: இத்தீவுகள் தாஹிட்டியைவிட அரைமணி நேரம் முன்னால் இருக்கின்றன. நமக்கும் அரைமணிக் கணக்கு உண்டு என்பதால் இந்திய நேரத்திலிருந்து சரியாக 15 மணி நேரத்தைக் கழித்தால் போதும். வீட்டுக்குப் பேசுவதற்கு இதைவிட எளிதான கணக்கு பசிபிக்கில் கிடைக்காது.

மூன்று நான்கு வாரம் கடலில் இருந்த உடலை உடனே மலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். தரை ஆடுவது போன்ற உணர்வு ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் பத்து மீட்டர் நீளத்துக்குள் நடமாடிய கால்கள் தளர்ந்துபோயிருக்கும் என்பதை நாம் உணர்வதில்லை. ஆத்துவோனாவில் இதற்கு இயற்கையே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. நங்கூரமிடும் தஹாவுகு விரிகுடாவிலிருந்து ஊருக்குள் செல்ல மூன்று கிலோமீட்டர் அளவில் சாலையில் நடக்க வேண்டும். முதல் நாள் பதிவு, ரொட்டி, அவ்வளவே போதும். இரண்டாம் நாள் ஊருக்கு மேலே உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு ஏறிப் பாருங்கள். 1903-இல் இங்கே இறந்த ஓவியர் பால் கோகன் அங்கே இருக்கிறார். சில அடிகள் தள்ளி பாடகர் ஜாக் பிரெல் இருக்கிறார். நமக்குப் பிரெல்தான் நெருக்கமானவர். 1975-இல் தம் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் எண்ணத்துடன் வந்து நங்கூரமிட்டவர், கரையேறிப் பார்த்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு இங்கேயே வீடெடுத்துக்கொண்டார். பின்னர் ஒரு சிறு விமானம் வாங்கி, தீவுகளுக்கிடையே தபாலையும் நோயாளிகளையும் ஏற்றிச் சென்றார். அந்த விமானத்தை ஊரில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1978-இல் பாரிஸ் அருகே இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அதே தீவின் வடகிழக்கு மூலையில் புவாமாவு ஊரில் உள்ள ஈப்போனா வழிபாட்டிடத்தில் இரண்டரை மீட்டர் உயரமுள்ள கல் உருவம் ஒன்று நிற்கிறது. 'திக்கி' எனப்படும் இத்தகைய உருவங்களில் பிரெஞ்சு பொலினீசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்று அது. படகை அங்கே கொண்டுபோகலாமா என்று பலர் கேட்பார்கள். புவாமாவு விரிகுடா அலைக்குத் திறந்தது, இறங்குவது கடினம். படகைத் தஹாவுகுவிலேயே விட்டுவிட்டு, நான்கைந்து பேராகச் சேர்ந்து ஓட்டுநருடன் வண்டி அமர்த்தி மலைச்சாலையில் போய்வருவதே மேல். ஆனால் தஹாவுகுவில் இடம் குறைவு. படகுகள் முன்னும் பின்னும் இரு நங்கூரங்கள் போட்டு, அலைக்கு முகம் காட்டி வரிசையாக நிற்கும். சரக்குக் கப்பல் திரும்ப இடம் விட்டாக வேண்டும். கப்பல் வரும் நாளை முன்கூட்டியே விசாரித்து, அந்த நாளில் தீவுச்சுற்றுலா வைத்துக்கொள்ளாதீர்கள்.

தஹுவாத்தா தீவின் வெண்மணல் கரைகள் நீந்துவதற்கானவை. நடப்பதற்கென்று அங்கே போக வேண்டியதில்லை. வைத்தாகு ஊர் மட்டும் விலக்கு. 1595-இல் மெண்டானா என்ற கடலோடியின் ஸ்பானியக் கப்பல்கள் நின்ற இடம் அது. பெரு நாட்டு ஆளுநரின் மனைவியை முன்னிட்டா, ஆளுநரின் மார்க்கெஸ் பட்டத்தை முன்னிட்டா என்று ஆராயத் தேவையில்லாமல் அந்தக் குடும்பப் பட்டமே தீவுகளின் பெயராயிற்று. அந்த வருகையில் தீவுவாசிகள் ஏராளமானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தங்கள் மொழியில் இம்மக்கள் தீவுகளை 'மனிதர்களின் நிலம்' என்றே அழைக்கிறார்கள். 2024-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோதும் அந்தப் பெயரிலேயே சேர்க்கப்பட்டது.

ஃபத்து ஹிவாவின் ஹனவாவே விரிகுடாவில் கற்றூண்கள் போல் செங்குத்தாக எழும் பாறைகளுக்கிடையே மாலைச் சூரியன் விழும்போது எடுக்கப்பட்ட படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படங்களில் தெரியாதது, அந்தப் பாறை இடைவெளி வழியே பள்ளத்தாக்கிலிருந்து பாய்ந்து வரும் காற்றுக் குத்து. ஆழமும் அதிகம், அடித்தரையும் எல்லா இடத்திலும் பிடிப்பதில்லை. ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள அருவிக்குப் போய்வருவதில் சிக்கல் இல்லை. மலைமுகடு ஏறி ஓமோவா ஊரில் இறங்கும் 17 கிலோமீட்டர் நடை வேறு. அதில் பாதி வழியைக் கடந்த பிறகு காற்று வலுத்தால் படகுக்குத் திரும்ப மூன்று மணி நேரமாகும். நாங்கள் இருவரும் சேர்ந்து அதை நடந்ததே இல்லை. ஒருவர் நடக்க, மற்றவர் படகில் இருந்தோம், அடுத்த நாள் மாற்றிக்கொண்டோம். இருவரும் சேர்ந்து பார்க்க முடியாமல் போனது வருத்தந்தான். ஆனால் முதல் நாள் என் மனைவி முகட்டிலிருந்து கையடக்க வானொலியில் பேசிக்கொண்டிருந்தபோதே எங்களுக்கு முன்னால் நின்ற படகு ஆளில்லாமல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கடலை நோக்கி நகர்ந்தது. நானும் இன்னொருவரும் டிங்கியில் விரைந்து ஏறி அதை நிறுத்தினோம். அதன்பின் அந்த வருத்தம் குறைந்துவிட்டது.

நேரம் குறைவாக இருந்தால் நுக்கு ஹிவாவுக்கே அதிக நாட்களை ஒதுக்குங்கள். தையோஹாயேயிலிருந்து மேற்கே சுமார் ஐந்து கடல்மைலில் உள்ள ஹக்காத்தேயா ஒரு மடிப்புக்குள் மறைந்திருப்பதால் தென்னலையிலும் ஓரளவு அமைதியாக இருக்கும். அங்கிருந்து ஹக்காவுய் பள்ளத்தாக்கு வழியாக 350 மீட்டர் உயரமுள்ள வைப்போ அருவிக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேர நடை. அருவியைவிட அந்த வழியே எனக்குப் பிடித்தது. ஆற்றோரக் காட்டுக்குள் இருபக்கமும் பெருங்கற்களால் எழுப்பிய மேடைகள், ஒன்றன்பின் ஒன்றாக, பாசி படர்ந்து கிடக்கும். அவை வீடுகளின் அடித்தளங்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் மக்களைக் கொள்ளைகொள்வதற்கு முன் இங்கே எவ்வளவு பெரிய ஊர் இருந்தது என்பதைக் கால்வலிக்க நடந்துதான் உணர முடியும். மேடைகள் முடியவே முடியாது. இன்று அங்கே வாழ்வது சில குடும்பங்களே. நிலம் அவர்களுடையது, கட்டணம் கேட்டால் கொடுத்துவிட்டு, பாதை திறந்திருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். ஆற்றைக் குறுக்கே கடக்க வேண்டியிருப்பதால் முந்தைய இரவு மலையில் மழை பெய்திருந்தால் போக வேண்டாம். அருவியடியில் மேலிருந்து கல் விழும். குளத்தில் நீந்தும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். வறண்ட நாட்களில் அருவி நூலாகச் சுருங்கிவிடும் என்பதையும், அடியிலிருந்து அதன் கீழ்ப்பகுதிதான் தெரியும் என்பதையும் முன்பே அறிந்து சென்றால் ஏமாற்றம் இராது.

உடல்நலம் பற்றி இரண்டு செய்திகள். 'நோனோ' என்ற மிகச் சிறிய கடிக்கும் ஈ மணற்கரையிலும் ஆற்றோரத்திலும் உண்டு. கடிக்கும்போது தெரியாது, மறுநாள் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகி, உப்புநீர் படும் படகு வாழ்வில் ஆறவே ஆறாது. தேங்காயெண்ணெயைத் தடித்துப் பூசுவது ஓரளவு காக்கும். அந்தப் புண்ணுடன் ஆற்றில் இறங்காதீர்கள். நம் ஊரில் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் இங்கேயும் உண்டு.

காட்டில் மாவும் சீமைப்பலாவும் எலுமிச்சையும் கேட்பாரற்றுக் கிடப்பது போலத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. எல்லா மரத்துக்கும் உடைமையாளர் உண்டு. கேட்டால் கை நிறையத் தருவார்கள், கேட்காமல் பறித்தால் அந்தப் பழி உங்களுக்குப் பின்னால் வரும் படகுகளுக்கும் சேரும். பிரெஞ்சில் 'பாம்ப்ள்மூஸ்' என்று அவர்கள் நீட்டும் பெரிய பச்சைப் பழத்தைக் கையில் வாங்கியதும், அது நம் பம்பளிமாஸ்தான் என்று பெயராலும் மணத்தாலும் ஒருசேரப் புரியும். இனிப்பில் மட்டும் நம்முடையது தோற்றுவிடும். முற்றங்களில் காய்வதும் கொப்பரைதான். பதிலுக்குக் கயிறு, தூண்டில் முள், பள்ளிக்குழந்தைகளுக்கு எழுதுபொருள் ஆகியவற்றைக் கொடுக்கலாம். மது கொடுத்துப் பண்டமாற்று செய்பவர்கள் ஊருக்குத் தீங்கு செய்கிறார்கள். பணமாகப் பசிபிக் பிராங்க் கையில் இருக்கட்டும். சிற்றூர்களில் வங்கி அட்டையை நம்ப முடியாது. கல்மேடைகளில், குறிப்பாக வழிபாட்டு மேடைகளில், ஏறி நிற்பதும் ஒரு சிறு கல்லை நினைவுப்பொருளாக எடுப்பதும் கூடாது. 'தப்பு' என்று அவர்கள் சொல்லும் விலக்கு நம் காதில் தமிழ்ச்சொல் போலவே விழும். இரண்டுக்கும் உறவில்லை, ஆனால் பொருளை மறக்க முடியாமல் செய்துவிடும்.

கடைசியாக, கரையில் இரவு தங்குவது. தஹாவுகு, ஹனவாவே, தையோஹாயே மூன்றிலும் நான் தங்கமாட்டேன்; காரணங்களை மேலே சொல்லிவிட்டேன். ஆழிப்பேரலை என்ற இன்னொரு காரணமும் உண்டு. தடுக்கும் பவளத்திட்டு இல்லாததால் இத்தீவுகளின் விரிகுடாக்கள் அதற்கு எளிதில் இலக்காகின்றன. 1946-இல் அலூஷியன் தீவுகளில் எழுந்த அலை இங்கே கடுமையாகத் தாக்கியது. தொலைவில் தோன்றும் அலைக்குப் பல மணி நேர முன்னறிவிப்பு கிடைக்கும்; படகில் இருந்தால் உடனே ஆழ்கடலுக்குச் சென்றுவிடலாம். கரையில் இருக்கும்போது சங்கு ஒலித்து, நேரம் குறைவு என்று தெரிந்தால், படகை நோக்கி ஓடாமல் மேட்டை நோக்கி ஏறுங்கள்.

ஒரே ஓர் இரவை மட்டும் கரையில் கழிக்க வேண்டுமென்றால் அதற்கு அனாஹோவைத் தேர்ந்தெடுங்கள். தென்னலை எட்டாது, மணல் அடித்தரை நங்கூரத்தை நன்றாகப் பிடிக்கும், நுக்கு ஹிவாவில் பவளத்திட்டு உள்ள விரிகுடாவும் அதுவே. டிங்கி வருவதற்குத் திட்டில் உள்ள இடைவெளியை வெளிச்சத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு கணவாயைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் ஹத்திஹேவு ஊருக்கு இறங்கிவிடலாம். ஊருக்கு மேலே மாபெரும் ஆலமரத்தின் அடியில் பழைய ஆட்டக்களங்களும் பாறைச் செதுக்கல்களும் இருக்கின்றன, ஊரில் உணவும் தங்குமிடமும் கிடைக்கும். நாங்கள் ஓரிரவு அங்கே தங்கினோம். காலையில் ரொட்டியை வாங்கிக்கொண்டு கணவாய்க்கு ஏறி நின்றபோது, கீழே படகு விட்ட இடத்திலேயே நின்றது. முந்தைய நாள் ஏற்றிவைத்த நங்கூர விளக்கு அணைக்கப்படாமல் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.